சங்கம் எதைப் பேசுவது, எவ்வாறு பேசுவது?

(கூட்டுறவு இலாகா இன்ஸ்பெக்டர் ஒருவர் எழுதியது)

கிராமக் கூட்டுறவுச் சங்கத்தின் மகாசபைக் கூட்டத்தில் வரவு செலவுக் கணக்கு வாசிக்கப்பட்டு, தணிக்கைக் குறிப்பும் ஏற்றுக்கொள்ளப்பட்ட பின்னர், தலைவர் அவர்கள் "வேறு விஷயம் ஏதேனும் உண்டா?" என்று கேட்பது வழக்கம். அதுகாறும் மௌனமாக இருந்த சபைக்கு அப்பொழுதுதான் உயிர் வரும். தெருவிளக்கு எரியவில்லை என்பார் ஒருவர். குடிநீர்க் குழாயில் துர்நாற்றம் வீசுகிறது என்பார் மற்றொருவர். ரஸ்தாவில் லாரிகளால் ஏற்பட்ட பள்ளம், நியாயவிலைக் கடையின் நேரம், மழைநீர் வடியாத தெரு, சாராயக் கடை, பேருந்து என்று ஒன்றன்பின் ஒன்றாகக் குறைகள் எழும். அவை யாவும் உண்மைக் குறைகளே. அரைமணி நேரம் சென்றபின் காரியதரிசி, "மேற்கண்ட குறைகளைச் சர்க்கார் கவனிக்க வேண்டுமென ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது" என்று ஒரு வரி எழுதிக் கையொப்பம் வாங்குவார். கூட்டம் கலையும்.

நடவடிக்கைப் புத்தகங்களைப் புரட்டிப் பார்ப்பது என் உத்தியோகத்தில் ஒரு பகுதி. இந்த ஒரு வரியை எத்தனையோ ஊர்ப் புத்தகங்களில், வருஷம் மாறி, கையெழுத்து மாறி, வாசகம் மாறாமல் கண்டிருக்கின்றேன். அந்த வரியைப் பெற்றுக்கொள்ளும் அதிகாரி அதைக் கொண்டு என்ன செய்ய இயலும்? எந்தத் தெரு, எந்த இலாகா, எந்தத் தேதிக்குள், எவ்வளவு செலவில் என்ற ஒன்றும் அதில் இல்லை. ஊரார் வருந்துகிறார்கள் என்பது மட்டுமே தெரிகிறது. வருத்தத்திற்குப் பதில் எழுத எந்தக் கச்சேரியிலும் குமாஸ்தா இல்லை.

குறை என்பது வேறு. ஒரு சபை ஆலோசித்து ஏற்றுக்கொண்ட நிலை என்பது வேறு. முன்னது தானே எழும். பின்னதை உழைத்து உண்டாக்க வேண்டும். அந்த உழைப்பு எத்தகையது என்பதைத் திருமுடிவாக்கம் போன்ற ஓர் ஊரை எதிரில் வைத்துக்கொண்டு ஆராய்வோம்.

முதலில் ஒரு சட்ட விஷயத்தைத் தெளிவுபடுத்துதல் நலம். கூட்டுறவுச் சங்கம் தன் துணைவிதிகளில் கண்ட நோக்கங்களுக்காகவே பதிவு செய்யப்பட்டது. பங்குத்தொகையும் வைப்புத்தொகையும் அந்நோக்கங்களுக்கே உரியவை; பொதுக் கிளர்ச்சிக்கு அவற்றினின்று ஒரு காசும் எடுக்கலாகாது. ஆனால் கடன் வாங்கும் அங்கத்தினரே வரி செலுத்தும் குடியும் ஆவார்; வாக்காளரும் அவரே. ஊர்ப் பொது விஷயங்களைப் பேசுவதற்கு அவர்கள் தனியே ஒரு நலச்சங்கம் கூட்டிக்கொள்ளத் தடை ஏதும் இல்லை. 1975-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி ஏழு பேர் சேர்ந்தால் ஒரு சங்கத்தைப் பதிவு செய்யலாம். பதிவு இல்லாமலும் கிராம சபையில் எழுந்து பேசலாம். கூட்டுறவுச் சங்கத்தில் கற்ற பழக்கங்களாகிய ஓர் ஆளுக்கு ஒரு வாக்கு, திறந்த கணக்கு, எழுதிவைத்த நடவடிக்கை ஆகிய மூன்றும் அங்கே கைகொடுக்கும். இக்கட்டுரையில் சங்கம் என்று நான் குறிப்பது அத்தகைய ஊர்ச் சங்கத்தையே.

எதை எடுத்துக்கொள்வது என்பது முதற் கேள்வி. பத்துக் குறைகளையும் ஒருங்கே எடுத்துக்கொள்ளும் சங்கம் ஒன்றையும் முடிக்காது என்பதை யாவரும் அறிவர். எனினும் ஒன்பதை ஒதுக்கிவைக்க யாருக்கும் மனம் வருவதில்லை. இங்கே நமது இயக்கத்தின் மூதாதையர்களாகிய ராச்டேல் நெசவாளரை நினைவூட்ட விரும்புகிறேன். 1844-ஆம் வருஷம் இங்கிலாந்து தேசத்து ராச்டேல் என்னும் ஊரில் 28 பேர், ஆளுக்கு ஒரு பவுன் சேர்த்துச் சங்கம் கண்டனர். அவர்கள் எழுதிய நோக்கங்களைப் படித்தால் வியப்பு உண்டாகும். கடை வைப்பது, அங்கத்தினர்க்கு வீடு கட்டுவது, வேலையற்றவர்க்குத் தொழிற்சாலை நடத்துவது, நிலம் வாங்கிப் பயிரிடுவது, தாமே ஆளும் ஒரு குடியிருப்பை நிறுவுவது, மது விற்காத விடுதி ஒன்று திறப்பது ஆகிய இத்தனையும் அந்த ஏழைகளின் மனத்தில் இருந்தன. ஆனால் டிசம்பர் 21-ந் தேதி மாலை அவர்கள் கதவைத் திறந்தபோது உள்ளே இருந்தவை மாவு, வெண்ணெய், சர்க்கரை, ஓட்ஸ் தானியம், சில மெழுகுவர்த்திகள் ஆகிய இவ்வளவே. ஆறு நோக்கங்களில் முதலாவதை, அதிலும் மிகச் சிறிய அளவில், கையிலிருந்த 28 பவுனுக்கு அடங்கும்படி தொடங்கினர்.

அவர்களுக்குள் அரசியலில் ஒத்த கருத்து இருந்ததில்லை. வாக்குரிமை கோரிய சார்ட்டிஸ்டுகள், ஓவன் என்பாரின் சமூகக் கொள்கையைப் பின்பற்றியவர்கள், மதுவிலக்குப் பிரசாரகர்கள் எல்லோரும் அதில் இருந்தனர். ஆகவே சமயமும் கட்சியும் சங்கத்தின் வாசலுக்கு வெளியே நிற்க வேண்டும் என்பது அவ்வியக்கத்தின் விதியாயிற்று. எதைப் பேசுவதில்லை என்று முன்னதாகவே முடிவு செய்துகொள்வதும் விஷயத்தைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு பகுதியே. தேர்தல் காலத்தில் யாரை ஆதரிப்பது என்று ஓர் ஊர்ச் சங்கம் தீர்மானம் போடுமாயின், தேர்தல் முடிந்த மறுநாள் அது பாதிச் சங்கமாகவே இருக்கும்.

ராச்டேல் தூரத்து ஊர்; நமக்கு அண்டையிலேயே பம்மல் இருக்கிறது. 1994-ஆம் வருஷம் அவ்வூரில் ஸ்ரீ சங்கரா நகர்ப் பெண்கள் சிலர், தெருவில் குப்பை குவிவதும் எரிக்கப்படுவதும் பொறுக்கமாட்டாமல் ஒன்றுகூடினர். 1989-இல் எம். பி. நிர்மல் என்பவர் சென்னையில் தொடங்கிய எக்ஸ்னோரா இயக்கத்தோடு அவர்கள் தம்மை இணைத்துக்கொண்டனர். ஆட்களை அமர்த்தி வீடுதோறும் குப்பை வாங்கச் செய்து, அதற்கென மாதச் சந்தா வசூலித்து, மக்கும் குப்பையை மண்புழு உரமாக்கும் வேலையில் இறங்கினர். நாளடைவில் அவ்வேலை ஸ்தல ஸ்தாபனத்தின் ஒத்துழைப்போடு பல தெருக்களுக்கும் பரவியது. பம்மல் நகராட்சி 2021-ஆம் வருஷம் நவம்பரில் தாம்பரம் மாநகராட்சியோடு சேர்க்கப்பட்டது.

அப்பெண்கள் எடுத்துக்கொண்ட விஷயத்தின் தன்மையைக் கவனிக்க வேண்டும். குப்பை தங்கள் அடுப்பங்கரையிலேயே தொடங்குகிறது. அது இருக்கிறதா இல்லையா என்று எந்த அதிகாரியையும் கேட்க வேண்டியதில்லை, கண்ணால் காணலாம். அதில் ஒரு பகுதியைத் தாமே செய்து காட்ட முடியும். செய்து காட்டிய பின் சர்க்காரிடம் கேட்பதற்கு வேறு பலம் உண்டு. சிட்லபாக்கத்து ஏரியின் கதையும் இத்தகையதே. 2019-ஆம் வருஷத்து வறட்சியில் அவ்வூர்க் குடிமக்கள் ஏரியில் இறங்கிக் குப்பை அகற்றினர்; அதே வருஷம் அவ்வேரியைச் சீர்செய்ய 25 கோடி ரூபாய் ஒதுக்குவதாகச் சட்டசபையில் அறிவிக்கப்பட்டது. வேலையும் வேண்டுகோளும் சேர்ந்து சென்றன.

இனித் திருமுடிவாக்கத்துக்கு வருவோம். முன்னாளில் ஏரிப் பாய்ச்சலும் வயலுமாக இருந்த ஊர் இது. பின்னர் சிட்கோ தொழிற்பேட்டை வந்தது. பட்டறைகளும் வாடகை வீடுகளும் பெருகின. குன்றத்தூருக்கும் திருநீர்மலைக்கும் நடுவே இவ்வூரை ஒட்டிச் செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிநீர்க் கால்வாய் செல்கிறது. சென்று திருநீர்மலைப் பக்கத்தில் அடையாற்றில் சேர்கிறது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் ஏரி நிரம்பும் தறுவாயில் ஜில்லா நிர்வாகம் விடுக்கும் எச்சரிக்கையில், சிறுகளத்தூர், காவனூர், குன்றத்தூர், திருமுடிவாக்கம், வழுதியம்பேடு, திருநீர்மலை என்று ஊர்ப் பெயர்கள் வரிசையாக வரும். தம் ஊரின் பெயர் அவ்வரிசையில் வாசிக்கப்படுவதைக் கேட்டவர்க்கு, வேறு எந்தக் குறையும் அந்த இரவில் பெரிதாகத் தோன்றாது.

2015-ஆம் வருஷம் டிசம்பர் 1-ந் தேதியன்று அந்த ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி வரை நீர் வெளியேற்றப்பட்டது. அடையாற்றின் இருகரையும் அன்று பட்ட பாட்டை விரித்து எழுத வேண்டியதில்லை. ஏரியின் முழு ஆழம் 24 அடி. கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. இவ்விரண்டு எண்களையும் ஊரில் ஒவ்வொருவரும் மனப்பாடமாக அறிந்திருத்தல் நன்று. ஏனெனில் நாள்தோறும் பத்திரிகையில் வரும் நீர்மட்டக் குறிப்பு அவற்றை அறியாதவர்க்கு வெறும் எண்ணாகவே இருக்கும்.

இவ்வூரில் ஒரு சங்கம் இந்த வெள்ள விஷயத்தையே எடுத்துக்கொள்வதாக வைத்துக்கொள்வோம். "வெள்ளம் வராமல் தடுக்க வேண்டும்" என்று எழுதினால் அது குறை மட்டுமே. மழையைத் தடுக்க எந்தச் சர்க்காராலும் இயலாது. இதைப் பதில் சொல்லக்கூடிய கேள்விகளாகப் பிரிக்க வேண்டும். கால்வாயின் அகலம் சர்க்கார் வரைபடத்தில் எவ்வளவு, தரையில் இன்று எவ்வளவு? கரை எந்தெந்த இடத்தில் இடிந்திருக்கிறது? மதகு திறந்ததற்கும் ஊருக்குள் நீர் வந்ததற்கும் இடையே எத்தனை மணி நேரம் சென்றது? எந்தத் தெருவில் முதலில் ஏறியது, எந்த வீட்டுச் சுவரில் எவ்வளவு உயரம் நின்றது?

இவற்றில் பாதியைச் சங்கத்தாரே அறிந்து எழுதலாம். அங்கத்தினர் நால்வர், ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாடாவும் நோட்டுப் புத்தகமும் கொண்டு கரையோரம் நடந்தால் போதும். 2015-இல் நீர் நின்ற உயரத்தை நினைவிலிருப்பவர்களைக் கேட்டுச் சுவரில் வர்ணத்தால் குறியிடலாம். ஒருவர் முழங்கால் என்பார், அடுத்த வீட்டார் இடுப்பு என்பார்; இருவரையும் ஒரே இடத்தில் நிறுத்திக் கேட்டால் உண்மை வெளிப்படும். மறுபாதியை நீர்வளத் துறையிடமிருந்து பெறவேண்டும். அத்துறை 2021-ஆம் வருஷம் பொதுப்பணித் துறையினின்று தனியாகப் பிரிக்கப்பட்டது. பழைய பெயருக்கே மனு எழுதும் வழக்கத்தை விட்டுவிடுவது நல்லது. வரைபடமும் அளவுகளும் தர மறுக்கப்பட்டால், 2005-ஆம் வருஷத்துத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி 10 ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம்.

யாரைக் கேட்டு எழுதுவது என்பதில் ஓர் எச்சரிக்கை. கூட்டத்திற்கு வருகிறவர்கள் எல்லாம் ஊர் ஆகமாட்டார்கள். சொந்த வீடும் மாலையில் ஓய்வும் உள்ளவர்களே முன்வரிசையில் அமர்கிறார்கள். பெரும்பாலும் அவர்களுடைய வீடுகள் மேட்டுத் தெருவில் இருக்கும். தொழிற்பேட்டையில் வேலை செய்து தாழ்ந்த பகுதியில் குடியிருக்கும் வெளியூர்த் தொழிலாளியின் பெயர் இவ்வூர் வாக்காளர் பட்டியலில் இராது. ஆகையால் கிராம சபையிலும் அவனுக்கு வாக்கு இல்லை. ஆனால் வெள்ளம் முதலில் ஏறுவது அவன் அறையில். எச்சரிக்கை தமிழில் மட்டும் ஒலிபெருக்கியில் சொல்லப்பட்டால் அவனுக்கு அது விளங்குமா என்பதையும் சங்கமே கேட்க வேண்டும். பெண்களின் விஷயமும் அவ்வாறே. பத்து ஆண்கள் உரத்துப் பேசும் சபையில் பேச விரும்பாதவர், மகளிர் சுய உதவிக் குழுவின் கூட்டத்தில் தெளிவாகப் பேசுவர். சங்கத்தின் காரியதரிசி அங்கே சென்று, வாய் திறவாமல் எழுதிக்கொண்டு வருதல் வேண்டும். வாய் திறவாமல் என்பதை வற்புறுத்துகிறேன். காரியதரிசிகளுக்கு அது எளிதன்று.

செய்திகள் சேர்ந்தபின் உண்மையான சிக்கல் எழும். மகாசபையில் ஒருவர் எழுந்து, "ஆக்கிரமிப்புகளை எல்லாம் அகற்ற வேண்டும்" என்று பிரேரணை கொண்டுவருவார். கைதட்டல் எழும். பின்வரிசையில் சிலர் கைதட்டாமல் அமர்ந்திருப்பார்கள். கால்வாய்க் கரையில் பதினைந்து, இருபது வருஷங்களாகக் குடிசையோ ஓட்டு வீடோ போட்டு வாழ்பவர்கள் அவர்கள்; சங்கத்தில் பங்கு எடுத்தவர்களும் அவர்களில் இருப்பார்கள். அதே கரையில் மதிற்சுவரைச் சற்று முன்தள்ளிக் கட்டிய ஒரு பெரிய கட்டடத்தின் சொந்தக்காரர் முன்வரிசையில் அமர்ந்து, எல்லோரிலும் உரக்கக் கைதட்டவும் கூடும்.

இவ்விடத்தில் அவசரமாக வாக்கெடுக்கும் சங்கம் பிளவுபடும். அல்லது அதைவிடக் கேடாக, பிளவுபடாமல், எளியவர்களை மட்டும் இழந்துவிடும். 2007-ஆம் வருஷத்துச் சட்டம் ஏரிகளில் உள்ள ஆக்கிரமிப்பை அகற்ற அதிகாரம் அளிக்கிறது. நீர்நிலைகள் காக்கப்பட வேண்டும் என்பதில் ஐயமில்லை. எனினும் 2015 வெள்ளத்திற்குப் பின்னர் சென்னையில் அடையாறு, கூவம் கரைகளில் வாழ்ந்த பல குடும்பங்கள் பெரும்பாக்கத்து அடுக்குமாடிகளுக்கு மாற்றப்பட்டன. வீடு கிடைத்தது, ஆனால் வேலையும் பள்ளிக்கூடமும் பல மைல் தூரத்தில் நின்றுவிட்டன. ஆகையால் "அகற்றுக" என்று மட்டும் எழுதும் தீர்மானம் அரைத் தீர்மானமே. எங்கே, எப்பொழுது, யாருக்கு முதலில் என்ற கேள்விகளுக்கு விடை சொல்லாமல் அதைச் சபையின் நிலை என்று கொள்ள முடியாது.

இத்தகைய இடத்தில் வழி காட்டக்கூடிய ஓர் உதாரணம் மேற்கே மலைக்கு அப்பால், கேரளத்தில் உண்டு. 1962-ஆம் வருஷம் கோழிக்கோட்டில் தோன்றிய கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத், விஞ்ஞானத்தை மலையாள மொழியில் பரப்புவதற்காக ஏற்பட்ட சபை. பள்ளி ஆசிரியர்களும் இஞ்சினீயர்களும் அதில் அங்கத்தினர்கள். பாலக்காட்டு மலையில் குந்திப்புழை என்னும் நதியை அணைகட்டி 120 மெகாவாட் மின்சாரம் எடுக்கவும், 10,000 ஹெக்டேர் நிலத்துக்குப் பாய்ச்சல் தரவும் அரசாங்கம் திட்டமிட்டது. அணை கட்டினால் சைலண்ட் வேலி என்னும் பழமையான மழைக்காட்டில் ஒரு பகுதி மூழ்கும். காட்டைக் காக்க வேண்டும் என்று எழுபதுகளின் பிற்பகுதியில் பரிஷத்தின் உள்ளே குரல் எழுந்தது. மின்சாரம் இன்றி மலபார் எப்படி முன்னேறும் என்ற குரலும் அதே சபையில் இருந்தது. இரண்டாவது குரலை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. விளக்கு இல்லாத வீட்டில் வாழ்பவனுக்குக் காட்டின் பெருமையை மட்டும் சொல்லி முடிப்பது நியாயமன்று.

பரிஷத் அணைத் திட்டத்தைக் கைவிடுமாறு 1978-இல் தீர்மானம் செய்தது. ஆனால் தீர்மானத்தோடு நிற்கவில்லை. தாவர சாஸ்திரம், மின்சாரம், பொருளாதாரம், விவசாயம் முதலிய வெவ்வேறு துறை அறிந்த ஐவரைக் கொண்டு திட்டத்தை முழுமையாக ஆராய்ந்து, 1979-இல் ஒரு நூலாக வெளியிட்டது. அதில் மலபாருக்கு மின்சாரம் வேண்டியதில்லை என்று அவர்கள் சொல்லவில்லை. அத்தேவையை ஒப்புக்கொண்டு, அதை வேறு எவ்வழிகளில் நிறைவேற்றலாம் என்று கணக்கோடு காட்டினர். கவிகளும் பறவை ஆராய்ச்சியாளர்களும் வழக்கறிஞர்களும் வேறு வேறு வழியில் போராடினர் என்பதும் உண்மை. வெற்றி ஒரு சபைக்கு மட்டும் உரியதன்று. 1983-இல் திட்டம் கைவிடப்பட்டது; 1984-இல் அக்காடு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அந்த ஐவரில் மின்சாரம் கற்றவர்களையும் சேர்த்தார்களே, அதையே நான் சிறப்பாகக் கருதுகிறேன். காட்டை விரும்புகிறவர்களை மட்டும் கொண்டு எழுதியிருந்தால், மின்சார வாரியத்தின் முதற் கேள்விக்கே அந்நூல் சாய்ந்திருக்கும்.

நமது கால்வாய் விஷயத்துக்கும் அம்முறையே பொருந்தும். ஐவர் கொண்ட ஓர் ஆய்வுக் குழுவை மகாசபை நியமிக்கட்டும். அதில் கரையோரத்துக் குடி ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். தொழிற்பேட்டைப் பட்டறைக்காரர் ஒருவரும், மேட்டுத் தெருவார் ஒருவரும், பெண்கள் இருவரும் இருக்கலாம். ஒரு மாதம் அவகாசம் கொடுக்கலாம். அண்டை ஊர்களையும் கலந்து பேசுதல் அவசியம். நம் ஊரில் நீர் விரைந்து வடிந்தால் அது திருநீர்மலைக்கும் அனகாபுத்தூருக்கும் விரைந்து சேரும். கரையை நம் பக்கத்தில் மட்டும் உயர்த்தினால் எதிர்க்கரை மூழ்கும். அயலூரை மூழ்கடிக்கும் கோரிக்கையை எந்தப் பொறுப்புள்ள இஞ்சினீயரும் ஏற்கமாட்டார், நாமும் கேட்கலாகாது.

அக்குழு கொண்டுவரும் வாசகம் எவ்வாறு இருக்கலாம் என்பதற்கு ஒரு மாதிரி தருகிறேன். கால்வாயின் முழு அகலமும் அளக்கப்பட்டு இருகரையிலும் கல் நாட்டப்பட வேண்டும். வரம்புக்குள் உள்ள கட்டுமானம் குடிசையாயினும், மதிற்சுவராயினும், தொழிற்சாலையாயினும் ஒரே அளவுகோலால் கருதப்பட வேண்டும். நீரோட்டத்தை அதிகமாக மறிக்கும் பெரிய கட்டுமானமே முதலில் அகற்றப்பட வேண்டும். வீடிழக்கும் குடும்பத்துக்கு இந்தச் சுற்றுவட்டாரத்திலேயே மாற்று இடம் தரப்பட வேண்டும். மழைக்காலத்திலும் பள்ளி ஆண்டின் நடுவிலும் எவரையும் வெளியேற்றலாகாது. கால்வாய் ஒவ்வோர் ஆண்டும் ஆவணி முடிவதற்குள் தூர்வாரப்பட வேண்டும். இத்தனையும் நீர்வளத் துறைக்கும் கலெக்டருக்கும். ஏரி நீர்மட்டம் எத்தனை அடியை எட்டினால் ஊருக்குச் செய்தி வரும், மதகு திறக்க எத்தனை மணி நேரம் முன்னதாக வரும் என்று கலெக்டரிடம் தனியே எழுத்தில் கேட்க வேண்டும். எந்தப் பள்ளிக்கூடம் தங்குமிடம், அதன் சாவி யாரிடம், முதியோரை அழைத்துச் செல்லும் பொறுப்பு எந்தத் தெருவில் யாருக்கு என்பன பஞ்சாயத்துக்கு உரியவை. இறுதியாக, சங்கம் தானே செய்யப்போவது என்ன என்று ஒரு பத்தி சேர்க்க வேண்டும். சுவர்க் குறியிடுதல், வீட்டுப் பட்டியல் தயாரித்தல், வடமொழித் தொழிலாளர்க்குச் செய்தி சொல்ல இருவரை ஏற்படுத்துதல் ஆகியவற்றை அதில் எழுதலாம்.

இவ்வாசகம் சபையில் படிக்கப்படுமுன் ஒரு வாரமாவது நோட்டீஸ் பலகையில் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். சபையில் பத்தி பத்தியாக வாக்கெடுக்க வேண்டும், மொத்தமாக அன்று. மாற்று இடம் பற்றிய பத்தியை எதிர்ப்பவர் தூர்வாரும் பத்தியை ஆதரிக்கலாம். அவரை முழு எதிரியாக்கிவிடக் கூடாது. கைதூக்கும் முறையில் அச்சம் இருக்குமாயின் சீட்டு முறையைக் கையாளலாம். ஏகமனதாக என்ற சொல்லை உண்மையில் அவ்வாறு இருந்தாலன்றி எழுதவே கூடாது. எத்தனை பேர் ஆதரவு, எத்தனை பேர் எதிர்ப்பு, எதிர்த்தவர் கூறிய காரணம் யாது என்று மூன்று வரி எழுதினால் போதும். எதிர்ப்பு எழுதப்பட்ட தீர்மானத்தை அதிகாரிகள் குறைவாக மதிப்பார்கள் என்று சிலர் அஞ்சுகின்றனர். என் அனுபவம் அதற்கு மாறானது. இருபுறமும் எழுதப்பட்ட தாளைக் கண்டால், இவ்வூரார் உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள் என்று தெரிகிறது.

நிற்க. தீர்மானத்தை எங்கே கொண்டுபோவது? 1994-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் கீழ் அமைந்த கிராம சபை அதற்கு முதலிடம். ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாட்களோடு, 2022 முதல் உலகத் தண்ணீர் தினமாகிய மார்ச் 22, உள்ளாட்சிகள் தினமாகிய நவம்பர் 1 ஆகிய இரண்டும் சேர்ந்துள்ளன. கால்வாய் விஷயத்தை நவம்பரில் கொண்டுபோவது பயனற்றது. அப்பொழுது மழை தொடங்கியிருக்கும். மார்ச் 22 மிகவும் தகுந்தது. அன்று தீர்மானம் நிறைவேறினால் தூர்வாரக் கோடை முழுவதும் இருக்கிறது. நகர எல்லைக்குள் சேர்ந்துவிட்ட அண்டை ஊர்களில் கிராம சபை இல்லை. அங்கே வார்டுதோறும் பகுதி சபை உண்டு. 2022 நவம்பர் 1-ந் தேதி பம்மலில் நடந்த பகுதி சபைக் கூட்டத்தில் முதலமைச்சரே வந்து அமர்ந்தார். அச்சபைகளோடும் நம் சங்கம் தீர்மானப் பிரதிகளைப் பரிமாறிக்கொள்ளலாம்.

மனுவோடு கரையளவுப் பட்டியலும், குறியிட்ட சுவர்களின் படங்களும், வாக்கு விவரமும் இணைக்கப்பட வேண்டும். மூன்று பிரதிகள் எடுத்து, ஒன்றில் கச்சேரி முத்திரை பெற்றுச் சங்கப் பெட்டியில் வைத்தல் வேண்டும். தனியாக ஒரு பதிவேடு போட்டு, அனுப்பிய தேதி, இலாகா, பதில் வந்த தேதி, பதிலின் சாரம் என நான்கு கட்டங்கள் வரைக. அடுத்த கூட்டத்தில் கணக்கு வாசிப்பதற்கும் முன்னதாக இப்பதிவேடு வாசிக்கப்படட்டும். தகவல் கேட்டு எழுதிய மனுவுக்கு 30 நாட்களுக்குள் பதில் வராவிடில், அடுத்த 30 நாட்களுக்குள் அதே அலுவலகத்தின் மேலதிகாரியிடம் முதல் மேல்முறையீடு செய்ய வேண்டும். அத்தேதியைப் பதிவேட்டின் ஓரத்தில் சிவப்பு மையால் குறித்து வைப்பது காரியதரிசியின் வேலை.